நான் போடாத தையல்

எம்.ஏ. என்றால்
தமிழா பொருளாதாரமா என்று கேட்டார்
திருச்சியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர்.
காயம், என்றேன்.
காயம், காய்ச்சல், கட்டி, பாம்புக்கடி,
செம்பனை முள் ஏறிய கண்.
மருத்துவ உதவியாளர் என்று விரித்துச் சொன்னதும்
"அப்ப டாக்டருக்குப் பை தூக்குவீங்க" என்றபடி
பாயசத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

உலு கிந்தாவில் மூன்று வருடம்.
முதல் ஊசியை ஹாபிஸுல் என் கையில் குத்தினான்.
ரத்தக்குழாய் நழுவியது. நான்கு முறை.
ஐந்தாவதில் அவனுக்கு வியர்த்து ஊற்றியது,
நான் கூரை விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
மறுநாள் அவன் எண்ணினான்.

கோழித்தொடை வாங்கித் தையல் பழகினோம்.
இறுக்கினால் தோல் சாகும்,
தளர்த்தினால் பிளக்கும்.
வார்டன் வாசம் பிடித்து வந்தபோது
அன்றைய பாடம் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது.
நூலைப் பிரித்துவிட்டுத்தான் போட்டோம், சத்தியமாக.

இப்போது சுங்காய்க்கு வெளியே, தோட்டத்துக் கிளினிக்.
டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்.
மற்ற நாளெல்லாம்
ஆணியில் தொங்கும் அவர் வெள்ளைக் கோட்டும் நானும்.

வியாழன், நாலே முக்கால்.
மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே ரூபெல்.
குலை வெட்டும் அரிவாள்
இடது உள்ளங்கையில் ஓடியிருந்தது.
சுற்றியிருந்த டீ-சட்டையை அவிழ்த்தேன், கழுவினேன்.
இரண்டு அங்குலம், விளிம்புகள் நேராக.
எட்டுத் தையல் என்று
என்னைக் கேட்காமலே விரல்கள் கணக்குப் போட்டன.
இவ்வளவு அழகான காயம்
வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

"பட்டுனு போட்டு அனுப்புங்க தம்பி,
நாளைக்கு லோரிக்கு ஆளில்ல."
மண்டோர் சன்னாசி, வாசலில், செருப்பைக் கழற்றாமல்.

லிப்பாட், என்றேன் ரூபெலிடம். மடக்கு.
பெருவிரல் வந்தது, சுட்டுவிரல் வந்தது,
நடுவிரல் முனகிக்கொண்டே வந்தது,
சுண்டுவிரல்கூட வந்தது.
மோதிரவிரல் மட்டும்
கூப்பிட்டது தன்னையில்லை என்பதுபோல்
நீட்டிக் கிடந்தது.
இன்னொரு முறை கேட்டேன்.
அவன் அதையே பார்த்தான், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல்.

அறுந்த தசைநாண் உள்ளே எங்கோ
சுருண்டு போயிருக்கும்.
மேலே நான் தைத்துவிடலாம்.
பத்து நாளில் மெல்லிய கோடாக ஆறும்,
மண்டோர் மெச்சுவார்.
விரல் ஆயுசுக்கும் நீட்டியபடியே.

டாக்டரை அழைத்தேன்.
பினாங்குப் பாலத்தில் இருந்தார், காற்றிரைச்சல்.
"மடங்கவே இல்லையா?"
"இல்லை, சார்."
"தொடாதே, அனுப்பு."
ஊசியை அதற்கு முன்பே வைத்துவிட்டேன்,
அதை அவரிடம் சொல்லவில்லை.

ஈரத்துணி, கட்டு, தடுப்பூசி, கடிதம்.
கடிதத்தில் நான்கு வரி.
கடைசி வரி: தையல் போடப்படவில்லை.
மூன்று வருடப் படிப்பில் எழுதக் கடினமான வரி அது.

தெலுக் இந்தான் வரை வேனில்
அவன் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.
பாக்கெட்டில் தொலைபேசி ஓயாமல் அடித்தது.
எடுக்கட்டுமா என்றேன்.
தலையாட்டினான், வேண்டாமென்று.
திரையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை,
வெளிச்சம் வந்து வந்து போனது.

மறுவாரம் மானேஜரிடமிருந்து தாள் வந்தது.
கிளினிக்கில் இருப்பவருக்குத் தையல் தெரியாது
என்று புகாராம். விளக்கம் தரவும்.
விளக்கினேன், இரண்டு பக்கம்.
அதே வாரம் சைக்கிளிலிருந்து விழுந்த சன்னாசியின் பேரனுக்கு
முழங்காலில் மூன்று போட்டேன்.
மண்டோர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்பது வாரம் கழித்து ரூபெல் வந்தான்,
தலைவலிக்கு மாத்திரை வேண்டுமென்று.
லிப்பாட், என்றேன்.
மோதிரவிரல் கிளம்பியது,
பாதி வழியில் நின்றது.
பாதி, என்று பதிவேட்டில் எழுதக் குனிந்தேன்.
நிமிர்ந்தபோது
வலது கையால் அதை மிச்சத் தூரமும் தள்ளி மடக்கி
முழு முஷ்டியாக என் முன்னால் பிடித்திருந்தான்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.